பிறர் சொல்லைப் பிழையறக் கேட்டல்

இலக்கணம் கற்பதால் வினை நீங்குமா? வடமொழிச் சூத்திரங்களை நெட்டுருச் செய்து, புணர்ச்சியும் வேற்றுமையும் ஆராய்ந்து, பழஞ்சுவடிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கி வாழ்நாளைச் செலவிடுவது வீடுபேற்றை நாடும் ஒருவருக்கு எவ்வகையில் துணையாகும்? இவ்வினா புதியதன்று. ஆயினும் நம் இல்லத்துப் பிள்ளைகள் பொறியியலும் கணினியும் பயிலச் செல்லும் இக்காலத்தில் இது மேலும் கூர்மை பெற்றுள்ளது. "தோத்திரங்களைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டு ஓதுகிறோம், பொருளைத் தமிழில் அறிகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்கும் அன்பர்கள் பலர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வினா நேர்மையானது, ஆதலின் விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும்.

இரு முனிவர்கள்

குந்தகுந்த ஆசாரியர் அருளிய பாவபாகுடத்தில் அடுத்தடுத்த காதைகளில் இரு முனிவர்கள் பேசப்பெறுகின்றனர். ஒருவர் பவ்வியசேனர், அப்பெயரை அபவ்வியசேனர் என்று படிப்பாரும் உளர். ஆகமங்களைக் கற்றுத் துறைபோகியவர். எனினும் உள்ளத்தூய்மையால் அமையும் துறவுநிலையை எய்தாதவர். மற்றவர் சிவபூதி. உமியையும் உளுந்தையும் குறிக்கும் 'துஷ மாஷ' என்னும் இரு சொற்களையே ஓயாது சொல்லிக்கொண்டிருந்து, உமி வேறு பருப்பு வேறு ஆதல்போல உடல் வேறு உயிர் வேறு என்னும் தெளிவுற்று, கேவலஞானம் பெற்றவர். நெஞ்சத் தூய்மையே அவரைக் கரையேற்றியது.

மரபில் வழங்கும் கதையொன்று இன்னும் ஒருபடி செல்கிறது. விருப்பும் கொள்ளாதே, வெறுப்பும் கொள்ளாதே என்னும் பொருள்பட ஆசிரியர் கற்பித்த தொடரை மறதியுடைய சீடர் ஒருவர் ஒலிதிரித்து 'மாஷ துஷ' என்றே ஓதிவந்தார் என்றும், அத்திரிந்த சொல்லைக்கொண்டே அவர் உய்ந்தார் என்றும் அக்கதை கூறும். பிழையான சொல்லே ஒருவரை வீட்டில் சேர்த்தது என்றால், பிழையற்ற சொல்லுக்காக இத்துணைப் பாடுபடுவது எதற்கு?

இலக்கணக் கல்விக்கு எதிராக எழுப்பத்தக்க வலிமையான தடை இதுவே. இதனை மழுப்பிச் செல்லுதல் கூடாது. ஞானம் என்பது சொற்குவியலன்று என்பதை நம் ஆசாரியர்களே எடுத்துரைத்துள்ளனர். இலக்கணம் வீடுபேற்றைத் தரும் என்று நாமும் வாதிடப் போவதில்லை.

ஆனால் சிவபூதி முனிவரிடம் ஒன்றைக் கருத வேண்டும். அவர் தமக்காகத் தியானித்தார். 'நூல் இவ்வாறு கூறுகிறது' என்று எவருக்கும் உரைக்கவில்லை. 'இன்ன சமயத்தார் இன்னது சொல்லினர், அது தவறு' என்று எவரையும் மறுக்கவில்லை. தன்னுள் அடங்கியிருப்பவருக்கு இரண்டு சொற்கள் போதும். நாமோ நாள்தோறும் நூல்களின் பெயரால் பேசுகிறோம். சொற்பொழிவிலும், திருமண மேடையிலும், இதழ்ப் பக்கங்களிலும், வீட்டுத் திண்ணையிலும் 'ஆகமம் சொல்கிறது', 'வைதிகர் சொல்கின்றனர்', 'பௌத்தர் சொல்கின்றனர்' என்கிறோம். இவ்வாறு பிறர் சொல்லுக்குச் சாட்சியாக நிற்பவருக்கு அச்சொல்லைப் பிழையறக் கேட்டறிதல் அறக்கடமையாகிவிடுகிறது.

வாய்மை விரதத்தின் ஒரு கூறு

இதனை நம் சொந்தக் கற்பனையாகக் கூறவில்லை. அமிர்தசந்திர ஆசாரியரின் புருஷார்த்த சித்தியுபாயம் நன்ஞானத்திற்கு எட்டு அங்கங்களை வகுக்கிறது. எழுத்தையும் சொல்லையும் பிழையின்றி ஓதுதல் ஒன்று. பொருளைப் பிழையின்றிக் கொள்ளுதல் ஒன்று. சொல், பொருள் இரண்டையும் ஒருங்கே காத்தல் ஒன்று. தக்க காலத்தில் ஓதுதல், பணிவு, கற்றதை மறவாது நெஞ்சிலிருத்தல், நூலையும் ஆசிரியரையும் போற்றுதல் ஆகியவையும் அவற்றுள் அடங்கும். எட்டாவது, தமக்குக் கற்பித்தவரையும் கற்ற நூலையும் மறைக்காமை. எட்டில் மூன்று, சொல்லும் பொருளும் பற்றியவையே என்பதைக் கவனித்தல் வேண்டும்.

மற்றொரு சான்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது. வாய்மை என்னும் அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் அங்குக் கூறப்பெறுகின்றன. அவற்றுள் ஒன்று கூடலேகம். பொய்ப்பத்திரம் எழுதுதல் என்று இதனைச் சுருக்கமாக மொழிபெயர்ப்பது வழக்கம். ஆனால் சர்வார்த்தசித்தி உரையில் பூஜ்யபாதர் தரும் விளக்கம் அதனினும் விரிந்தது. ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகவும், செய்யாததைச் செய்ததாகவும், பிறரை ஏய்க்கும் பொருட்டு எழுதி வைப்பது கூடலேகம் என்பது அவர் கருத்து.

இவ்விளக்கத்தை எழுதியவர் யார்? தேவநந்தி என்னும் இயற்பெயருடைய அப்பெருமகனாரே ஜைனேந்திர வியாகரணம் என்னும் வடமொழி இலக்கணத்தையும் இயற்றியவர். சமாதிதந்திரம், இஷ்டோபதேசம் என்னும் தியான நூல்களும் அவருடையனவே. இலக்கணமும் விரத ஒழுக்கமும் ஆன்ம தியானமும் ஒரே பேராசிரியரிடம் ஒன்றுகூடியிருந்தன. தேவசேனர் 10-ஆம் நூற்றாண்டில் எழுதிய தரிசனசாரம், இவருடைய மாணவர் வஜ்ரநந்தி தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று கூறுகிறது. ஆகவே இம்மரபு தமிழ்நாட்டுச் சமணருக்கு அயலானதன்று.

வஞ்சனை நோக்கம் இருந்தாலன்றிக் கூடலேகம் ஆகாது என்பது உண்மையே. அறியாமையால் ஒரு நூலைத் தவறாகப் படித்தவர் இக்குற்றத்துக்கு உள்ளாகார். ஆனால் படிக்க இயலாது என்று தெரிந்தும், கேட்டறிய வழி இருந்தும், 'நூல் கூறுகிறது' என்று துணிந்து உரைப்பவர் அவ்வெல்லையை எவ்வளவு நெருங்கி நிற்கிறார் என்பதை அவரவர் நெஞ்சமே அறியும்.

இலக்கணமும் அநேகாந்தமும்

பாணினியின் அஷ்டாத்தியாயீ எட்டு அத்தியாயங்களில் ஏறத்தாழ 4,000 சூத்திரங்கள் கொண்டது. அதற்குக் காத்தியாயனர் வார்த்திகமும், பதஞ்சலி மாபாடியமும் இயற்றினர். மொழியை இவ்வளவு நுணுகி ஆராய்ந்த பழம்பெரும் நூல்கள் உலகில் மிகச் சில. வைதிக மரபில் தோன்றிய இக்கல்வியைச் சமண ஆசாரியர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. கற்றுத் தேர்ந்து தாமும் இலக்கணங்கள் வகுத்தனர். பூஜ்யபாதருக்குப் பின், 9-ஆம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், பால்யகீர்த்தி என்னும் சாகடாயனர் ஓர் இலக்கணம் செய்தார். 12-ஆம் நூற்றாண்டில் கூர்ஜர நாட்டு மன்னன் சித்தராஜ ஜயசிம்மனின் வேண்டுகோளால் ஹேமசந்திரர் சித்தஹேமம் என்னும் இலக்கணத்தை இயற்றி, அதன் எட்டாம் அத்தியாயத்தைப் பிராகிருத மொழிகளுக்கு ஒதுக்கினார்.

ஜைனேந்திர வியாகரணத்தின் முதற் சூத்திரமே சொற்களின் சித்தியை அநேகாந்தத்தோடு இணைக்கிறது. ஹேமசந்திரரும் தம் நூலின் தொடக்கத்திலேயே ஸ்யாத்வாதத்தை முன்னிறுத்துகிறார். தத்துவக் கோட்பாட்டுக்கு இலக்கண நூலின் வாயிலில் என்ன வேலை என்று வியப்பவர், வேற்றுமை இலக்கணத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். தேவதத்தன் என்னும் ஒருவன் 'தேவதத்தன் வந்தான்' என்னுமிடத்து வினைமுதல். 'தேவதத்தனைக் கண்டேன்' என்னுமிடத்துச் செயப்படுபொருள். 'தேவதத்தனுக்குக் கொடுத்தேன்' என்னுமிடத்துக் கொள்வோன். 'தேவதத்தனிடமிருந்து பெற்றேன்' என்னுமிடத்து நீங்கும் எல்லை. பொருள் ஒன்றே, அது நிற்கும் நிலைகள் பல. ஒரு பொருளுக்கு ஒரே இயல்புதான் உண்டென்று அடித்துக் கூறினால் ஒரு வாக்கியத்தைக்கூட அமைக்க இயலாது. அநேகாந்தம் மேடையில் பேசும் தத்துவம் மட்டுமன்று. நாம் வாய்திறக்கும்போதெல்லாம் மொழி அதனை மெய்ப்பித்து வருகிறது.

பழநூலைப் பதிப்பிக்கும் கலையிலும் இத்தகைய ஒழுக்கம் உண்டு. புணே நகரத்துப் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவு செய்தது. 1925 முதல் அப்பணியைத் தலைமையேற்று நடத்திய சுக்தங்கர் வகுத்த முறை எண்ணத்தக்கது. பல சுவடிகளை ஒப்பிட்டு, அழகானது எது, தமக்கு உவப்பானது எது என்று பாராமல், சான்று எதைத் தாங்குகிறதோ அதையே மூலமாகக் கொண்டனர். உறுதியற்ற பாடத்தின் அடியில் அலைபோன்ற கோடிட்டு, இது ஐயத்துக்குரியது என்று படிப்போருக்கு அறிவித்தனர். விலக்கிய பாடங்களையும் மறைக்காமல் அடியில் அச்சிட்டனர். கூடலேகத்துக்கு நேர் எதிரான செயல் இது. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், ஐயமுள்ளதை ஐயமென்றும் பிரித்துக் காட்டுவதைக் காட்டிலும் வாய்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

மாற்றார் நூலுக்கும் அதே நேர்மை

நம்மவர் நூலைப் பிழையறப் படிப்பது எளிதில் ஒப்புக்கொள்ளத்தக்கது. நம்மை மறுப்பவரின் நூலையும் அவ்வாறே படிக்க வேண்டுமா? நம் சோதனை இங்கேதான்.

அகளங்க தேவரைப் பற்றிக் கதாகோசங்களில் வழங்கும் வரலாற்றைப் பலரும் அறிவர். கரந்தை, திருப்பணமூர் வட்டாரத்தில் இன்றும் அவர் பெயர் பக்தியோடு போற்றப்படுகிறது. அகளங்கரும் தம்பி நிகளங்கரும் தம்மை மறைத்துக்கொண்டு பௌத்த மடத்தில் சேர்ந்து அவர்தம் நூல்களைக் கற்றனர். ஒருநாள் ஆசிரியர் சமணரின் சப்தபங்கியை மறுக்கும் பகுதியைப் பாடஞ்சொல்லும்போது, சுவடியில் பாடம் சிதைந்திருந்தமையால் பொருள் விளங்காமல் நிறுத்திவிட்டு வெளியே சென்றார். அந்நேரத்தில் அகளங்கர் அப்பாடத்தைத் திருத்தி வைத்தார். அத்திருத்தமே அங்கே ஒரு சமணர் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது. நிகளங்கர் உயிரிழக்க நேர்ந்தது. மாறுவேடம் பூண்டு கற்றது முறையா என்று கேட்பின், அது தனியே ஆராயத்தக்க வேறொரு வினா. இக்கதை வரலாற்று நிகழ்ச்சிதானா என்பதையும் இங்கே ஆராய வேண்டுவதில்லை. நம் மரபு எதைப் பெருமையாகக் கருதிப் பேணிவந்தது என்பதே நமக்கு வேண்டுவது. தம்மை மறுக்க எழுந்த ஏட்டிலேயே பிழை இருக்கப் பொறாதவர் ஒருவரை அது பேணிவந்தது. அவர் அப்பிழையை அப்படியே விட்டிருந்தால் மாற்றாரின் வாதம் விளங்காமலே போயிருக்கும். அவருடைய உயிருக்கும் இடையூறு நேர்ந்திராது.

அகளங்கரின் நூல்களில் இந்நெறி வெளிப்படையாகவே உள்ளது. பௌத்தப் பேரறிஞர் தர்மகீர்த்தி, அநேகாந்தத்தைப் பழித்து, எல்லாம் எல்லாமாகும் என்றால் தயிர் உண்ணச் சொல்லும்போது சமணன் ஏன் ஒட்டகத்தை நோக்கி ஓடுவதில்லை என்று கேட்டிருந்தார். நியாயவிநிச்சயத்தில் அகளங்கர் அளித்த மறுமொழியின் சாரம் இது: எதிர்க்கட்சியின் கருத்தை அறியாமல் குற்றங்கூறுபவர் குற்றங்கூறுபவர் ஆகார், கோமாளியே ஆவார். சுகதர் ஒரு பிறவியில் மானாகவும் மறுபிறவியில் சுகதராகவும் பிறந்தார் என்று நீங்கள் கூறினும், வணங்குவது சுகதரையே, உண்ணப்படுவது மானே. அதுபோல எங்கள் கோட்பாட்டிலும் பொருள்களின் வேறுபாடு அழிவதில்லை என்று அவர் தெளிவுபடுத்தினார். இம்மறுமொழியைக் கூற, பௌத்தரின் நூல்களை அவர்களைப்போலவே கற்றிருக்க வேண்டும். பிறரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை நாமும் பிறருக்கு அளித்தாலன்றி அகளங்கரின் சொல் நம் வாயில் நிலைபெறாது.

இந்நேர்மை ஏடுகளிலும் காக்கப்பட்டது. ஹேமசந்திரர் வாழ்ந்த தலைநகராகிய பாடண் நகரின் சமண ஞான பண்டாரங்களில் வைதிகரின் நூல்களும் பௌத்தரின் நூல்களும் நூற்றாண்டுகளாகப் பேணப்பெற்றன. அவற்றுள் ஒன்று ஜயராசி பட்டர் இயற்றிய தத்துவோபப்லவசிம்மம். காட்சி, கருதல் முதலிய அளவைகள் ஒன்றும் நிலைபெறா என்று வாதிடும் நூல் அது. நம் கோட்பாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. அதன் ஓலைச்சுவடி 1926-இல் பாடண் சமண பண்டாரத்தில் கண்டெடுக்கப்பட்டது. பண்டிதர் சுக்லால்ஜி சங்கவியும் ரசிக்லால் பரீக்கும் பதிப்பித்து, 1940-இல் பரோடாவில் அந்நூல் வெளிவந்தது. சமணர் காவாதிருப்பின் நம்மை மறுத்த அக்குரல் என்றோ அவிந்திருக்கும்.

அதனைப் பதிப்பித்த சுக்லால்ஜி (1880-1978) பதினாறாம் வயதில் அம்மைநோயால் கண்பார்வை இழந்தவர். பின்னர்க் காசிக்குச் சென்று இலக்கணமும் தருக்கமும் பயின்றார். சுவடிகளைப் பிறர் படிக்க, எழுத்தெழுத்தாகச் செவியால் கேட்டே அவர் ஆராய்ந்தார். பிறர் சொல்லைப் பிழையறக் கேட்டல் என்று நாம் தலைப்பிட்டது அவர் வாழ்க்கையில் சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

மாற்றார் நூலைக் காப்பது மித்தியாத்துவத்தை வளர்ப்பதாகாதா என்று ஐயுறுவாரும் உளர். ஒரு நயம் தன் எல்லைக்குள் நிற்கும்வரை உண்மையின் ஒரு பகுதியையே கூறுகிறது. பிற நயங்களை முற்றும் மறுக்கத் துணியும்போதே அது துர்நயமாகிறது என்பது நம் கோட்பாடு. ஒருவர் எவ்விடத்தில் எல்லை கடந்தார் என்பதைக் காண அவர் சொன்ன வாக்கியம் அப்படியே நம் முன் இருத்தல் வேண்டும். வாக்கியத்தை அழித்துவிட்டால் அதில் இருந்த உண்மைக் கூறும் அழியும். பிழைக்கூற்றை மறுக்கும் வாய்ப்பும் அழியும்.

நமக்கு உவப்பில்லாத சொல்

இனி, நம்மை நேரே தொடும் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி 1879-இல் கல்பசூத்திரத்தைப் பதிப்பித்தபோது, பௌத்தரின் பாலி நூல்களையும் சமண நூல்களையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு, சமணம் பௌத்தத்தின் கிளை என்று அன்று நிலவிய கருத்தை உடைத்தார். நிகண்ட நாதபுத்தர் என்று பௌத்தர் குறிப்பவர் மகாவீர வர்த்தமானரே என்பது நிலைநாட்டப்பட்டது. அதனை நாம் இன்றுவரை மகிழ்வோடு எடுத்துக்காட்டி வருகிறோம்.

அதே அறிஞர் 1884-இல் சுவேதாம்பரரின் ஆசாராங்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். துறவியரின் உணவு பற்றிய பகுதியில் சில சொற்களுக்கு அவர் இறைச்சி, மீன், எலும்பு என நேர்பொருள் கொண்டார். சமண மக்கள் பெரிதும் மனம் வருந்தினர், எதிர்ப்புகள் எழுந்தன. திகம்பர மரபினராகிய நாம், இன்று வழங்கும் அவ்வங்க நூல்களை மூல ஆகமமாகக் கொள்வதில்லை. எனினும் கொல்லாமையை உயிராகக் கொண்ட எவருக்கும் அச்செய்தி நெஞ்சை உறுத்தாமல் இராது.

அவ்வேளையில் இருவகை மறுமொழிகள் எழ இடமிருந்தது. சினந்து பழித்தல் ஒன்று. சொல்லை மீண்டும் ஆராய்தல் மற்றொன்று. பின்னதைச் செய்தவர்கள், எலும்பைக் குறிக்கும் சொல் கனியின் கொட்டையையும், தசையைக் குறிக்கும் சொல் கனியின் சதைப்பற்றையும் குறிக்கும் என்று எடுத்துக்காட்டினர். 1928-இல் யாக்கோபி ஒரு கடிதத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவருக்கு அதற்குத் துணைநின்றது எது? பதஞ்சலியின் மாபாடியம். மீனைச் செதிலோடும் முள்ளோடும் கொணர்பவன், பிரிக்க இயலாமையாலேயே அவற்றையும் கொணர்கிறான். கொள்வதைக் கொண்டு தள்ளுவதைத் தள்ளுகிறான் என்னும் எடுத்துக்காட்டு அந்நூலில் வருகிறது. ஆசாராங்கத் தொடரும் அத்தகைய வழக்கையொட்டிய உவமையே என்று அவர் கொண்டார். வைதிக மரபின் இலக்கண நூலொன்று சமண ஆகமத் தொடருக்கு விளக்கம் தந்தது.

ஆயினும் இங்கே நிறுத்திவிட்டால் நம் கட்டுரையே தன் நெறியிலிருந்து வழுவியதாகும். அவ்விளக்கத்தை அறிஞர் அனைவரும் ஏற்கவில்லை. நேர்பொருளே முதற்பொருள் என்று கருதுவோர் பின்னும் இருந்தனர். அவர்களும் இலக்கணத்தையும் பழைய உரைகளையும் கொண்டே வாதிடுகின்றனர். ஒப்புநோக்கும் ஆய்வு நமக்குச் சார்பாக இருந்தபோது அதனை மெய்யென்று கொண்டாடி, உவப்பில்லாதபோது சூழ்ச்சியென்று தள்ளுவது முறையாகுமா? சார்பையும் எதிர்ப்பையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பதே நடுவுநிலைமை.

நம் உறுதி வேறிடத்தில் வேரூன்றியுள்ளது. எவ்வுயிரும் வாழ விரும்புகிறது, துன்பத்தை அஞ்சுகிறது என்னும் காட்சியில் எழுந்தது கொல்லாமை. ஒரு பழைய வாக்கியத்தில் ஒரு சொல்லின் பொருள் மாறிவிட்டால் இடிந்துவிழும் அறமன்று அது. அறத்தில் உறுதியுடையவருக்குச் சொல்லை வளைக்கும் தேவை எழுவதில்லை. சொல்லை வளைத்தே தீரவேண்டும் என்று நெஞ்சம் பதைக்குமாயின், அப்பதைப்பையே முதலில் ஆராய வேண்டும்.

இல்லறத்தார் செய்யத்தக்கவை

இவையெல்லாம் பண்டிதர் வேலை. குடும்பத்தோராகிய நமக்கென்ன என்று கேட்கலாம். எல்லோரும் பாணினியைக் கற்க வேண்டும் என்பது நம் வேண்டுகோளன்று. ஆனால் சுவடியைப் பூசிப்பதும் சுவடியைப் படிப்பதும் வேறு. வீரசேனர் 816-இல் நிறைவுசெய்த தவள உரையின் ஓலைகள் மூடபித்ரியில் பல நூற்றாண்டுகள் பக்தியோடு காக்கப்பெற்றன. அன்பர்கள் தரிசித்து வணங்கினர். எனினும் அதன் முதல் தொகுதி பேராசிரியர் ஹீராலால் ஜைனின் உழைப்பால் 1939-இல் அச்சேறிய பின்னரே அவ்வுரை நாடெங்கும் கற்கப்படலாயிற்று. காத்தோருக்கும் வணக்கம்; திறந்தோருக்கும் வணக்கம். சுருத பஞ்சமி நன்னாள் இவ்விரண்டையும் நினைவூட்டுவதாகும்.

தமிழில் நிகழ்ந்ததும் நினைக்கத்தக்கது. சைவச் சூழலில் வளர்ந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியில் சமணக் கருத்துகள் விளங்காதபோது ஊகத்தால் எழுதிவிடவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டறிந்தார். அவர்களும் மனமுவந்து சொல்லிக்கொடுத்தனர். 1887-இல் வெளிவந்த அப்பதிப்பு கேட்டவரின் பணிவுக்கும் சொன்னவரின் தாராளத்துக்கும் ஒருங்கே சான்று. அவ்வாறே, சமண முனிவர் பவணந்தியின் நன்னூலுக்குச் சைவராகிய சங்கர நமச்சிவாயர் உரை வகுத்தார்; சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். இலக்கணம் என்னும் பொது மன்றத்தில் சமயம் வேறுபட்டோர் ஒருவர் சொல்லை ஒருவர் பேணினர்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை மிகப் பெரியனவல்ல. முதலாவது, 'நூல் கூறுகிறது' என்பதற்கும் 'நாம் கருதுகிறோம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சிலும் எழுத்திலும் காத்தல். எந்நூல், எவ்வதிகாரம், எவர் உரை என்று குறிப்பது கற்பித்தவரை மறைக்காமை என்னும் அங்கத்தைப் போற்றுவதாகும்.

இரண்டாவது, கிரந்த எழுத்தை இளைஞர் சிலரேனும் கற்றல். மணிப்பிரவாள நடையில் அமைந்த ஸ்ரீபுராணம் போன்ற நூல்களின் ஏடுகளைப் படிக்க அவ்வெழுத்து வேண்டும். தமிழ் எழுத்தில் வடமொழியை எழுதுங்கால் ஒலிகள் மயங்கும். முழுமை என்னும் பொருளுடைய 'ஸகலம்' என்பதையும், துண்டு என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லையும் 'சகலம்' என்றே எழுதிவிடுகிறோம். முழுமையும் துண்டும் ஒன்றாகிவிட்டால் பொருள் என்னாவது? சில வாரப் பயிற்சியில் கைவரும் கல்வி இது. 2024 அக்டோபரில் மத்திய அரசு பிராகிருதத்துக்கும் பாலிக்கும் செம்மொழித் தகுதி அளித்துள்ளமையால், நம் ஆகம மொழியைக் கற்க விரும்பும் மாணவருக்கும் இது ஏற்ற காலம்.

மூன்றாவது, வீட்டில் ஏடு இருப்பின் அதனைப் படமெடுத்து வைத்தலும், எச்சமயத்தாராயினும் படிக்க வல்லவருக்குக் காட்டுதலும். பாடண் நகரத்துச் சமணர் மாற்றார் நூலை நமக்காகக் காத்தனர்; நம் நூலைப் பிறர் படிக்க நாம் அஞ்ச வேண்டுவதில்லை.

நான்காவது எல்லாவற்றினும் அரியது. பிற சமயத்தார் கொள்கையைப் பற்றிப் பேசுங்கால், அவர்களே கேட்டு 'ஆம், எங்கள் கருத்து இதுவே' என்று ஒப்பும்படி முதலில் அதனைச் சொல்லுதல்; அதன்பின் மறுத்தல். இல்லத்துப் பிணக்குகளிலும் இதனைப் பழகிப் பார்க்கலாம். கணவன் மனைவியின் சொல்லையும், மாமியார் மருமகளின் சொல்லையும், பங்காளி பங்காளியின் சொல்லையும் சொன்னவாறே திருப்பிச் சொல்ல இயலுமாயின் பாதிப் பூசல் அங்கேயே அடங்கிவிடும். சொல்லாததைச் சொன்னதாகக் கொள்வதில்தானே பெரும்பாலான வெகுளி பிறக்கிறது?

இலக்கணம் வினையை அறுக்கும் வாளன்று. சிவபூதி முனிவரின் நெஞ்சத்தூய்மைக்கு அது ஈடாகாது. ஆனால் பிறர்மேல் பொய் சுமத்தாமல் வாழ விரும்பும் இல்லறத்தாருக்கு அது ஒரு காவல். உமியையும் உளுந்தையும் பிரித்தறிந்தவர் அவர். சொன்னதையும் சொல்லாததையும் பிரித்தறியும் சிறு விவேகமேனும் நமக்கு வாய்க்கட்டும்.

வளர்க நன்ஞானம்! வாழ்க ஜினதருமம்!